மாறிலியின் கதை: 137 என்னும் எண்ணும் நான் சொன்ன தவறான விடையும்



கடந்த மாதம் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில், ஓர் அம்மையார் அருகில் வந்து வணங்கினார். 23 ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஐந்தாம் ஆண்டில் பயின்றவர். இன்று அவருடைய மகன் எங்கள் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவன். பழைய நாள்களைப் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சிரித்துக்கொண்டே ஒரு செய்தியைச் சொன்னார்.

“ஐயா, அன்னைக்கு வகுப்புல காந்தத்தால குண்டூசியைத் தூக்கிக் காட்டினீங்க. பூமி முழுக்கக் கீழே இழுக்குது, இந்தச் சின்னக் காந்தம் எப்படி ஜெயிக்குதுன்னு நான் கேட்டேன். காந்தம் ஊசிக்குக் கிட்ட இருக்கு, பூமியோட நடுப்பகுதி தூரத்துல இருக்கு, அதனாலதான்னு சொன்னீங்க. போன வாரம் என் மகன் அதே கேள்வியைக் கேட்டான். நீங்க சொன்னதையேதான் ஐயா நானும் சொன்னேன்.”

நானும் சிரித்தேன். ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஏனெனில், அன்று நான் சொன்னது உண்மையான விடையன்று. கேள்விக்கு விடை தெரியாமல், நாற்பது பிள்ளைகளின் முன்னிலையில் ‘தெரியாது’ என்று சொல்லவும் மனமில்லாமல், அந்த நொடியில் கற்பித்துக்கொண்ட விடை அது. அந்த விடை இன்று ஒரு தலைமுறையைத் தாண்டிச் சென்றிருக்கிறது.

அந்தச் சிறுமி கேட்ட கேள்வி, இயற்பியலின் மிக ஆழமான கேள்விகளுள் ஒன்று. இயற்கையில் உள்ள விசைகளுக்கு இத்தனை இத்தனை வலிமை என்று யார் அளந்து வைத்தார்? ஏன் அந்த அளவு? இக்கேள்விக்கு நெடிய வரலாறு உண்டு. அந்த வரலாற்றில், தெரியாததைத் தெரியாது என்று சொன்னவர்களும் வருகிறார்கள். சொல்ல மறுத்தவர்களும் வருகிறார்கள். எனவேதான் அதனை இங்கே எழுதத் துணிந்தேன்.

விசையின் வலிமையை அளத்தல்

ஒரு விசை எவ்வளவு வலிமையுடன் செயல்படுகிறது என்பதைக் காட்டும் எண்ணை இயற்பியலார் ‘பிணைப்பு மாறிலி’ என்பர். இரு பொருள்களை ஒரு விசை எத்துணை இறுக்கமாகப் பிணைக்கிறது என்பதன் அளவு அது.

ஈர்ப்பு விசையின் வலிமையை முதன்முதலில் ஆய்வுக்கூடத்தில் அளந்து அறிய வழிவகுத்தவர் இங்கிலாந்தின் ஹென்றி கேவண்டிஷ். 1798-ஆம் ஆண்டு வெளியான அவருடைய ஆய்வில், ஏறத்தாழ 158 கிலோகிராம் எடையுள்ள இரு ஈயக் குண்டுகள், மெல்லிய கம்பியில் தொங்கிய தண்டின் இரு முனைகளிலும் இருந்த சிறு குண்டுகளை இழுத்தன. அந்த இழுவிசை ஒரு மணல் துகளின் எடையளவே இருந்தது. காற்றசைவுகூட ஆய்வைக் கெடுத்துவிடும் என்பதால், கேவண்டிஷ் அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கி வழியாகப் பார்த்து அளந்தார். அவர் நோக்கம் பூமியின் அடர்த்தியைக் கணக்கிடுவதே. ஈர்ப்பு மாறிலி என நாம் இன்று குறிப்பிடும் எண்ணைப் பிற்காலத்தார் அவ்வளவீடுகளிலிருந்து பெற்றனர்.

158 கிலோகிராம் ஈயம் சேர்ந்தும் ஒரு மணல் துகளின் எடையளவே இழுக்கிறது என்றால், ஈர்ப்பு எத்துணை மெலிந்த விசை என்பது விளங்கும். ஓர் எலக்ட்ரானையும் ஒரு புரோட்டானையும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றிடையே உள்ள மின்விசை, அவற்றிடையே உள்ள ஈர்ப்பு விசையைவிட ஏறத்தாழ 2-க்குப் பின் 39 சுழியங்கள் இட்டு எழுதும் எண்ணின் அளவு மடங்கு பெரியது. காந்த விசையும் மின்விசையும் மின்காந்த விசை என்னும் ஒன்றன் இரு முகங்கள். பொருள்களில் நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் சமமாக இருந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் அவ்விசை நம் கண்ணுக்கு மறைந்து நிற்கிறது. ஈர்ப்புக்கு அவ்வாறு எதிர்ப்பக்கம் இல்லாமையால், பூமியின் அணுக்கள் அனைத்தும் சேர்ந்து நம்மை இழுக்கின்றன. அவ்வளவும் சேர்ந்தும் ஒரு சிறு காந்தத்திடம் தோற்றுப்போகின்றன. தொலைவு அடிப்படைக் காரணம் அன்று. விசைகளின் அடிப்படை வலிமையிலேயே வேறுபாடு உள்ளது. அச்சிறுமிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இதுதான்.

ஆனால், அவள் அதற்கடுத்து ‘ஏன் அந்த அளவு?’ என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மியூனிக் நகரத்து ஆசிரியர்

1887-ஆம் ஆண்டு மைக்கெல்சன், மார்லி என்னும் அமெரிக்க ஆய்வாளர் இருவர், ஹைட்ரஜன் வெளியிடும் ஒளியின் சிவப்புக் கோட்டை நுட்பமாக நோக்கினர். ஒன்றெனத் தோன்றிய அக்கோடு, மிக நெருக்கமாக அமைந்த இரு கோடுகளாக இருந்தது. 1913-இல் நீல்ஸ் போர் வகுத்த அணு மாதிரியாலும் இப்பிளவை விளக்க இயலவில்லை.

1916-ஆம் ஆண்டு மியூனிக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆர்னால்டு சாமர்ஃபெல்டு இதற்கு விளக்கம் தந்தார். போரின் அணு மாதிரியுடன் ஐன்ஸ்டைனின் சார்பியலையும் சேர்த்துக் கணித்தபோது கோடுகள் பிளவுபட்டன. அந்தப் பிளவின் அளவைத் தீர்மானிக்க ஓர் எண் வந்து நின்றது. ஹைட்ரஜன் அணுவின் முதற்சுற்றில் எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 2,190 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதாக அம்மாதிரி கூறுகிறது. ஒளியின் வேகம் ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஏறக்குறைய 137-இல் ஒரு பங்கு கிடைக்கும். இதுவே ‘நுண்ணமைப்பு மாறிலி’. கிரேக்க எழுத்தான ஆல்ஃபாவால் இதனைக் குறிப்பர். மின்காந்த விசையின் பிணைப்பு மாறிலி இதுவே.

இந்த எண்ணின் சிறப்பு, இதற்கு அலகு கிடையாது என்பது. கிலோமீட்டரில் கணக்கிட்டாலும் மைலில் கணக்கிட்டாலும் நம் முன்னோரின் காத அளவில் கணக்கிட்டாலும் அதே 137 வரும். மனிதன் வகுத்த அளவுகோல் எதனோடும் தொடர்பில்லாத எண் அது.

சாமர்ஃபெல்டு நோபல் பரிசுக்கு 80-க்கும் மேற்பட்ட முறை பரிந்துரைக்கப்பட்டும் அதனைப் பெறவில்லை. ஆனால், அவரிடம் பயின்ற ஹைசன்பெர்க், பௌலி, டெபை, பெத்தே ஆகிய நால்வரும் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிடப் பெருமிதம் தரும் செய்தி வேறென்ன இருக்க முடியும்?

அவருடைய ஆசிரியப் பண்பை நம்மவர் ஒருவர் நேரில் கண்டார். 1928-ஆம் ஆண்டு சாமர்ஃபெல்டு இந்தியாவிற்கு வந்து, சென்னையிலும் உரையாற்றினார். மாநிலக் கல்லூரி மாணவரான 18 வயது சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று அவரைச் சந்தித்தார். அணு அமைப்பைப் பற்றிச் சாமர்ஃபெல்டு எழுதிய நூலை முழுவதும் படித்திருந்தவர் அம்மாணவர். ஆனால், அந்நூலில் உள்ள இயற்பியல் பழையதாகிவிட்டது என்று நூலாசிரியரே எடுத்துரைத்தார். புதிய குவாண்டம் இயங்கியலை விளக்கியதோடு, அச்சுக்குச் சென்றிருந்த தம் புதிய கட்டுரையின் மெய்ப்புப் படியையும் அவரிடம் கொடுத்தார். அந்தத் தாள்களைக் கொண்டு தாமே பயின்ற சந்திரசேகர் எழுதிய ஆய்வுக் கட்டுரை 1929-இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது.

தம் நூல் காலாவதியாகிவிட்டது என்று ஒரு மாணவனிடம் சொல்ல எத்துணைப் பெரிய மனம் வேண்டும்!

ஒன்றைக் கூட்டிய அறிஞர்

இனி, மற்றோர் அறிஞரைக் காண்போம். சர் ஆர்தர் எடிங்டன், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர். 1919-ஆம் ஆண்டு சூரிய கிரகணத்தின்போது விண்மீன் ஒளி வளைவதை அளந்து, ஐன்ஸ்டைனின் கொள்கைக்குச் சான்றளித்த பெருமகனார். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றி அன்று அவரினும் நன்கறிந்தவர் இல்லை.

எடிங்டன் 1929-இல், ஆல்ஃபாவின் தலைகீழ் எண்ணை அளவிடவே தேவையில்லை, தூய சிந்தனையாலேயே கண்டறியலாம் என்று எழுதினார். அவர் கணக்கின் சாரத்தை நம் மாணவர்களுக்கே விளக்கலாம். 16 பேர் ஒருவரோடொருவர் கை குலுக்கினால் 120 கைகுலுக்கல்கள். ஒவ்வொருவரையும் தம்மோடு தாமே சேர்த்து எண்ணினால் மேலும் 16. ஆக 136. எலக்ட்ரானின் கணிதத்தில் வரும் 16 உறுப்புகளைக் கொண்டு இவ்வாறு எண்ணி, விடை 136 என்றார். ஆனால், ஆய்வுக்கூட அளவீடுகள் 137-ஐ ஒட்டியே நின்றன. விரைவிலேயே எடிங்டன் மேலும் ஒன்றைச் சேர்ப்பதற்கும் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தார். விடை 137 ஆயிற்று. அவர் பெயரைச் சற்றே திருப்பி, ஆங்கிலத்தில் ‘ஒன்றைக் கூட்டுபவர்’ என்று பொருள்படும்படி ‘ஆர்தர் ஆடிங்-ஒன்’ எனக் கேலி செய்தனர்.

1931-இல் பெக், பெத்தே, ரீஸ்லர் என்னும் இளைஞர் மூவர் ஒரு குறும்பு செய்தனர். தனிச்சுழி வெப்பநிலை மைனஸ் 273 பாகை செல்சியஸ் அல்லவா? 137-ஐ இரண்டால் பெருக்கி ஒன்றைக் கழித்தால் 273 வருகிறது என்று கூறி, எடிங்டனின் நடையிலேயே ஒரு குறுங்கட்டுரை எழுதி, ஜெர்மனியின் ‘நாட்டூர்விசென்ஷாஃப்டன்’ இதழுக்கு அனுப்பினர். இதழும் அதனை உண்மையென்று நம்பி வெளியிட்டது. பின்னர் விளக்கம் தர வேண்டியதாயிற்று. கட்டுரையின் கேலி எங்கே உள்ளது என்பதைக் கவனியுங்கள். செல்சியஸ் அளவுகோல், தண்ணீரின் உறைநிலையையும் கொதிநிலையையும் வைத்து மனிதன் வகுத்தது. அதில் வரும் 273-க்கும் இயற்கையின் 137-க்கும் எந்த உறவும் இருக்க இயலாது. விடை முன்னரே தெரிந்திருந்தால் வழியை எப்படியும் அமைத்துக்கொள்ளலாம் என்பதே அவர்கள் உணர்த்திய பாடம். விடைத்தாள் திருத்தும் நமக்கு இது புதிதன்று. புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலுள்ள விடையைப் பார்த்துவிட்டு, அதற்கேற்ப வழிமுறை எழுதும் பிள்ளைகள் நம் வகுப்பிலும் உள்ளனர் அல்லவா?

இக்கதையின் கசப்பான பகுதி 1935-இல் நிகழ்ந்தது. சந்திரசேகர் 1930-இல், தம் 19-ஆம் வயதில், இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலிலேயே ஒரு கணக்கைத் தொடங்கியிருந்தார். எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீன் ஒன்று எவ்வளவு பொருண்மை வரை நிலைத்து நிற்கும் என்பதே அது. சூரியனின் பொருண்மையைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேல் அது நிலைக்காது என்பது அவர் கண்ட முடிவு. 1935 ஜனவரி 11 அன்று இலண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் அவர் இதனை எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன், அந்த முடிவை அவையோர் நகைக்கும்படி மறுத்துரைத்தார்.

இதில் நான் பலமுறை எண்ணிப் பார்க்கும் ஒன்று உண்டு. சந்திரசேகரின் எல்லையும் ஒரு பிணைப்பு மாறிலியிலிருந்து பிறப்பதே. இரு புரோட்டான்களின் ஈர்ப்பு வலிமையை ஆல்ஃபாவைப் போலவே அலகில்லா எண்ணாக எழுதினால், பதின்ம புள்ளிக்குப் பின் 38 சுழியங்கள் வந்து அதன்பின் 6 என்று எழுத வேண்டியிருக்கும். அத்துணை மெலிந்தது ஈர்ப்பு. அந்த மெலிவை ஈடுசெய்து ஈர்ப்பு வெல்ல வேண்டுமானால் எத்தனை புரோட்டான்கள் ஒன்றுசேர வேண்டும் என்பதை அந்த எண்ணே தீர்மானிக்கிறது. விடை, 1-க்குப் பின் 57 சுழியங்கள் என்ற அளவில் வருகிறது. அதுவே ஒரு விண்மீனின் பொருண்மை. இயற்கையின் மாறிலிகள் பேரண்டத்தை எவ்வாறு வடிவமைக்கின்றன என்பதை அறியவே எடிங்டன் தம் வாழ்நாளின் இறுதிப் பகுதியைச் செலவிட்டார். அந்த வகையைச் சேர்ந்த ஓர் உண்மையான விடையை 24 வயதுத் தமிழ் இளைஞர் கையில் ஏந்தி வந்தபோது, அவரால் அதனை அடையாளம் காண முடியவில்லை. எடிங்டன் 1944-இல் மறைந்தார். சந்திரசேகருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சிறிய எண்ணால் கிடைத்த நன்மை

137-இன் பொருளை எவரும் கண்டறியாவிட்டாலும், அந்த எண் மிகவும் பயன்பட்டது. ஆல்ஃபா சிறிய எண்ணாக இருப்பதால், மின்காந்தக் கணக்குகளைப் படிப்படியாகச் செய்யலாம். முதற்படி பெரிய பங்கைத் தரும். அடுத்த படி அதைவிட மிகச் சிறிய திருத்தம். அதற்கடுத்தது இன்னும் சிறியது. 1948-இல் ஜூலியன் ஷ்விங்கர், எலக்ட்ரானின் காந்தத்தன்மையில் முதல் திருத்தத்தைக் கணித்தார். ஆல்ஃபாவை இரண்டு பையால் வகுத்தால் வரும் 0.00116 என்பதே அது. அளவீட்டுடன் அது ஒத்துப்போயிற்று. ஷ்விங்கரின் கல்லறைக் கல்லில் அவர் பெயருக்கு மேலே பொறிக்கப்பட்டிருப்பது அந்தச் சிறு சமன்பாடே. அதன்பின் மேலும் பல படிகள் கணிக்கப்பட்டு, இன்று கொள்கையும் ஆய்வும் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடியில் ஒரு பங்கு அளவிற்கு நெருங்கி நிற்கின்றன.

அணுக்கருவைப் பிணைக்கும் வலிய விசையோ இந்த வழிக்கு இணங்கவில்லை. ஜப்பானின் யுகாவா 1935-இல், அணுக்கருவினுள் ஒரு புதிய துகள் விசையைக் கடத்துகிறது என்றார். 1947-இல் அத்துகள் கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால், அதற்கான பிணைப்பு எண் 137-இல் ஒரு பங்காக இல்லாமல், ஏறத்தாழ 14 என வந்தது. படிப்படியாகக் கணக்கிட முயன்றால் ஒவ்வொரு படியும் முந்தைய படியைவிடப் பெருகியது. 1960-களில் பலர் இவ்வழியையே கைவிட்டனர்.

முடிச்சு 1973-இல் அவிழ்ந்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் கிராஸும் அவருடைய மாணவர் ஃபிராங்க் வில்செக்கும், ஹார்வர்டில் ஆய்வு மாணவர் டேவிட் பொலிட்சரும் தனித்தனியே ஒரே முடிவை எட்டினர். வலிய விசையின் பிணைப்பு, துகள்கள் நெருங்க நெருங்கக் குறைகிறது. விலக விலகப் பெருகுகிறது. நம் பாட்டன்மார் பால் மரம் வெட்டிய தோட்டங்களை நினைத்துக்கொண்டு, ரப்பர் வளையம் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். தளர்வாக இருக்கும்போது விரல்கள் தாராளமாக அசையும். இழுத்தால்தான் இறுக்கம் தெரியும். குவார்க்குகளும் அவ்வாறே. கிராஸ் தொடக்கத்தில் நிறுவ எண்ணியது இதற்கு நேர்மாறானது: எந்தப் புலக்கொள்கையும் இவ்வாறு நடந்துகொள்ளாது என்று காட்டவே முனைந்தார். கணக்கு வேறு விடை தந்தபோது, கணக்கின் பக்கம் நின்றார். மூவருக்கும் 2004-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஆக, மாறிலி என்று நாம் பெயரிட்டது மாறுகிறது! ஆல்ஃபாவும் அவ்வாறே. எலக்ட்ரானைச் சுற்றியுள்ள வெற்றிடம் பனிமூட்டம்போல் அதன் மின்னூட்டத்தை மறைக்கிறது. நெருங்கிச் சென்றால் மூட்டம் குறைந்து விளக்கு ஒளிர்வதுபோல் வலிமை கூடுகிறது. ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் 2000 வரை இயங்கிய பெருமுடுக்கி எட்டிய உயர் ஆற்றலில், 137 என்னும் எண் 128-ஆகக் குறைந்திருந்தது. எடிங்டன் முழு எண்ணாகப் போற்றிய 137, நாம் நிற்கும் தொலைவில் தெரியும் தோற்றமே.

முழு எண்ணும் அன்று. இன்றைய அளவீடுகளின்படி அதன் மதிப்பு 137.035999 எனத் தொடங்குகிறது. அதற்கடுத்த இலக்கங்களில், 2018-இல் பெர்க்லியில் வெளியிட்ட அளவும் 2020-இல் பாரிஸில் வெளியிட்ட அளவும் ஒத்துப்போகவில்லை. ஏன் இந்த எண் என்பதற்கோ இதுவரை விடை இல்லை. சாமர்ஃபெல்டின் மாணவர் பௌலி இறுதிவரை இந்த எண்ணைப் பற்றியே சிந்தித்தவர். 1958-இல் சூரிக் மருத்துவமனையில் தாம் சேர்க்கப்பட்ட அறையின் எண் 137 என்பதைக் கண்டு கலங்கினார் என்று அவருடைய உதவியாளர் சொல்லிச் சென்றுள்ளார். அந்த அறையிலிருந்து அவர் மீளவில்லை.

நமக்கான பாடம்

கடந்த வாரம் அந்த அம்மையாரையும் அவர் மகனையும் பள்ளி முடிந்தபின் அறிவியல் அறைக்கு அழைத்தேன். அதே போன்ற ஒரு காந்தம், ஒரு குண்டூசி. “தம்பி, உன் அம்மாவுக்கு நான் அன்று சொன்னது தவறு” என்று தொடங்கினேன். அம்மையார் சற்றுத் திடுக்கிட்டார். விசைகளின் வலிமையை எனக்கு இயன்ற அளவில் விளக்கினேன். பையன் ஊசியைக் காந்தத்தில் ஒட்டுவதும் எடுப்பதுமாக இருந்தான். பிறகு நிமிர்ந்து, “ஏன் ஐயா காந்தத்துக்கு மட்டும் அவ்வளவு பலம் கொடுத்தாங்க?” என்றான்.

“தெரியாது, தம்பி. எனக்கும் தெரியாது, உலகத்தில் இன்னும் யாருக்கும் தெரியாது” என்றேன்.

அவன் முகத்தில் ஏமாற்றம் வரும் என்று எண்ணினேன். மாறாக, கண்கள் விரிந்தன. “யாருக்குமேவா?” என்று கேட்டான். 23 ஆண்டுகளுக்கு முன் அவன் தாயாருக்கு நான் கொடுக்கத் தவறிய செல்வம் அதுதான் என்று அப்போது உணர்ந்தேன். ஆசிரியரின் பொய்யான விடை ஒரு கேள்வியை மூடி வைக்கிறது. உண்மையான ‘தெரியாது’ அதனைப் பிள்ளையின் கையில் ஒப்படைக்கிறது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, இன்று மாலை உங்கள் பிள்ளை உங்களுக்கு விடை தெரியாத ஒன்றைக் கேட்கக்கூடும். எடிங்டனைப் போல் ஒன்றைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள். சாமர்ஃபெல்டைப் போல், கையில் உள்ள தாளைக் கொடுத்து மேலே படிக்கச் சொல்லுங்கள்.